தன் உள்ளத்தைத் தானே வாசித்த போர்வீரர்



இரவுச் செபம் முடிந்து உறங்கச் செல்லுமுன், கழிந்த நாளை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் வழமை உங்கள் இல்லத்தில் உண்டா? பாவசங்கீர்த்தனத்துக்காக வரிசையில் நிற்கும் சில நிமிடங்களில் மட்டுமே நம்மிற் பலர் நம்மைச் சோதித்துக்கொள்கின்றோம். ஆன்ம சோதனையை அன்றாடக் கடமையாக்கித் தந்த புனித லொயோலா இஞ்ஞாசியார், அதன் முதற் பாடத்தைக் கற்றது ஆலயத்திலன்று, நோய்ப் படுக்கையிலேயே.

ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் 1491ஆம் ஆண்டு பிறந்த அவர், வீரத்தையும் புகழையும் நாடிய பிரபு குலத்தவர். 1521 மே 20ஆம் நாள், பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படையினரிடமிருந்து காத்து நின்றபோது பீரங்கிக் குண்டொன்று அவரது காலை முறித்தது. எலும்பு பிழையாகப் பொருந்தியதால் மீண்டும் முறித்துப் பொருத்தினர். அப்போதும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய அது தடையாகுமென்று, மயக்கமருந்து அறியாத அக்காலத்தில், அதனை அறுத்தெடுக்கச் சொன்னார். அத்தனை பெரிது அவரது தற்பெருமை!

பொழுதுபோக்க வீரக்கதை நூல்களைக் கேட்டார். அரண்மனையில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறுகளுமே. வாசிப்பின் நடுவே உயர்குலப் பெண்ணொருத்தியின் நினைவில் மணிக்கணக்காக மூழ்குவார். வேறு சில வேளைகளில் பிரான்சிஸ் அசிசியாரையும் தோமினிக்கையும் போல் வாழ்ந்தால் என்ன என்று எண்ணுவார். இரண்டும் இனித்தன. ஆனால் முதலாவது எண்ணம் அகன்றதும் உள்ளம் வறண்டது. இரண்டாவது அகன்ற பின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டை ஒருநாள் அவர் கண்டுகொண்டார். நீங்களும் நானும் இத்தகைய வேறுபாட்டை எத்தனை முறை உணர்ந்தும் கவனியாது விட்டிருப்போம்!

1522 மார்ச் மாதம் மொன்செராத் மலைத் திருத்தலத்தில் தம் பாவங்களை எழுதிவைத்து, மூன்று நாட்களாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். வாளை அன்னை மரியாளின் பீடத்தருகே விட்டு, மன்ரேசா என்னும் ஊருக்குச் சென்றார். சோதனை அங்கேதான் தொடங்கியது. எதையோ சொல்லாமல் விட்டேனோ, சரியாகச் சொன்னேனோ என்ற ஐயம் அவரை வாட்டியது. மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார், அமைதி கிட்டவில்லை. மிகத் தெளிவானவற்றைத் தவிர பழைய பாவங்களைச் சொல்ல வேண்டாமென்று குரு பணித்தார். ஆனால் அவருக்கு எல்லாமே தெளிவானவையாகத் தோன்றின! தங்கியிருந்த அறையின் குழியொன்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட எழுந்தது. ஒரு வாரம் உண்ணாதிருந்தார். குருவின் கட்டளைக்குப் பணிந்தே உணவு கொண்டார். இறுதியில், இவ்வெண்ணங்கள் தம்மை எங்கே இழுத்துச் செல்கின்றன என நோக்கினார். இறைவனை நோக்கியன்று, வாழ்வையே வெறுக்கும் நிலைக்கு! அன்றே, கடந்த பாவங்களை இனி மீட்டிச் சொல்வதில்லையென உறுதிகொண்டு விடுதலை பெற்றார். தன்னையே துருவித் துன்புறுத்துவதும் ஆன்ம சோதனையும் ஒன்றல்ல என்பதை, இத்தனை விலை கொடுத்தே அவர் அறிந்தார்.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த அவரது ஆன்மீகப் பயிற்சிகள் நூலைக் கவனியுங்கள். அதிலுள்ள ஆன்ம சோதனை பாவத்தில் தொடங்குவதில்லை. பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவதே முதற்படி. தன்னை அறிய அருள் வேண்டுவது அடுத்தது. பின்னரே நாளை மணிவாரியாக ஆராய்ந்து, மன்னிப்பு வேண்டி, திருந்தத் தீர்மானிக்கச் சொல்கின்றார். ஒரு குறிப்பிட்ட குறையைக் களைய விரும்புவோருக்கு, நாளுக்கு இரண்டு கோடுகள் கீறி, தவறிய ஒவ்வொரு தடவைக்கும் புள்ளியிடும் முறையையும் தந்தார். கடைக் கணக்குப் போன்றதுதான். ஆயினும் சினத்தையோ புறங்கூறுதலையோ விட முயன்றவர்க்கு அதன் பயன் புரியும்.

பாரிஸில் கல்வி பயின்றபோது அவர் தேடிக்கொண்ட தோழர்களுள் ஒருவரே, பின்னாளில் நமது மன்னாருக்குக் குருவை அனுப்பிய பிரான்சிஸ் சவேரியார். 1540இல் இயேசு சபை அங்கீகாரம் பெற்றது. உரோமையிலிருந்து அதனை வழிநடத்திய பளுவான நாட்களிலும் இஞ்ஞாசியார் மணிக்கொரு தடவை தம் உள்ளத்தைச் சோதித்தார் என்று உடன்வாழ்ந்தோர் எழுதிவைத்துள்ளனர்.

1556 ஜூலை 30 மாலை, தம் செயலாளர் பொலாங்கோவிடம், திருத்தந்தையின் ஆசீரைப் பெற்றுவரும்படி கேட்டார். ஸ்பெயினுக்கு அனுப்பவேண்டிய கடிதங்கள் காத்திருந்தன. மருத்துவர்களும் ஆபத்தைக் காணவில்லை. நாளை செல்லலாமா என்று செயலாளர் வினவினார். இன்றே செல்வது நன்று எனினும், முடிவை உங்களிடமே விடுகிறேன் என்று இஞ்ஞாசியார் கூறிவிட்டார். மறுநாள் விடியலில் அவர் உயிர் பிரியும் நிலையிற் காணப்பட்டார். பொலாங்கோ ஆசீருடன் திரும்புமுன், நோயிற்பூசுதலும் பெறாமலே, அவர் அமைதியாக இறைவனிடம் சென்றிருந்தார்.