பால்மரத்தைச் சோதித்தறிந்த ரிட்லி

நம் தோட்டத்துப் பெரியவர்கள் விடியுமுன்னே பிரட்டுக்கு எழுந்து, வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்த காலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜோகூரின் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டமையால், உங்களுள் சிலர் பால்மரம் வெட்டுவதைக் கண்ணாலும் கண்டிரார். அதிகாலையில் ஏன் வெட்ட வேண்டும்? உளி பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும், உள்ளிருக்கும் கட்டையைத் தொடலாகாது என்பது ஏன்? இவற்றுக்குச் சோதனையால் விடை கண்டவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. அறிவியல் கண்காட்சிக்கு நம் மாணவர்கள் ஆயத்தமாகும் இவ்வேளையில் அவர் வரலாற்றை எழுத விழைந்தோம்.

ரிட்லி 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்ஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, இலண்டன் அரும்பொருளகத்தில் தாவரப் பிரிவில் பணியாற்றினார். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்து சேர்ந்தார். பிரேசிலிலிருந்து 1876-இல் இங்கிலாந்துக்குச் சென்ற விதைகளின் வழிவந்த 22 கன்றுகள், அவர் வருகைக்குப் பதினோராண்டு முன்னரே சிங்கப்பூரை அடைந்திருந்தன. மரங்கள் வளர்ந்து நின்றன. அவற்றால் என்ன பயன் என்று கருதியவர் மிகச் சிலரே.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுப்பர். மரம் புண்பட்டு நலியும். ரிட்லி வேறு வழி தேடினார். வெட்டிய இடத்தின் ஓரத்தையே மீண்டும் மெல்லச் சீவிப் பார்த்தார். முதல் வெட்டில் சிறிதளவே பால் வந்தது. அடுத்தடுத்துச் சீவச் சீவப் பால் பெருகிற்று! பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள மெல்லிய வளர்படலம் காயப்படாவிடில், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்வதும் புலனாயிற்று. காலையில் வெட்டினால் பால் மிகுதி என்பதையும் ஒப்பிட்டறிந்தார். இரவில் மரம் நீரை நிறையத் தேக்கியிருக்கும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகும், பாலை வெளியே தள்ளும் அழுத்தமும் குறையும்.

இங்கே சற்று நிற்போம். முதல் நாளின் சிறு அளவை வெட்கப்பட்டு மறைத்திருந்தால், பால் பெருகியது என்று எதை வைத்துக் கூறுவது? முன்னொரு கண்காட்சிக்கு ஒரு மாணவன் அவரை விதைகளை நட்டான். இருட்டில் வைத்தவை முளைக்கமாட்டா என்று எண்ணியிருந்தான், முளைத்துவிட்டன. தவறு நேர்ந்ததென்று அஞ்சி அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டான். அவனுடைய ஏட்டில் மிகச் சிறந்த பக்கம் அதுவே என்று நாம் சொன்னபோது அவன் நம்பவில்லை. நோக்கத்தையும் செய்முறையையும் சோதனைக்கு முன்பே எழுதுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை ஒரே நிலையில் வையுங்கள். கண்டதை அன்றன்றே குறியுங்கள். பெற்றோரே, பிள்ளையின் முடிவை அழகுபடுத்தித் தராதீர்கள். அளவுகோலும் ஏடும் வாங்கித் தாருங்கள், போதும்.

ரிட்லி தாம் கண்டவற்றை வேளாண்மை ஏட்டில் அச்சிட்டு எல்லோரும் அறியச் செய்தார். எனினும் தோட்ட முதலாளிகளின் நாட்டம் காப்பிப் பயிரிலேயே இருந்தது. விதைகளைச் சட்டைப் பையில் நிரப்பிச் சென்று கண்டோரிடமெல்லாம் நடச் சொன்னமையால், அவரைப் பித்தர் என்று நகைத்தனர். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முன்வந்து ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. நகைத்தோரும் விதை தேடினர். மலாயாவெங்கும் காடுகள் தோட்டங்களாயின. அங்கே உளி பிடித்தோருள் பெரும்பாலோர் கப்பலேறி வந்த நம் முன்னோரே. ரிட்லியின் பெயர் நூல்களில் உள்ளது. அவர்கள் பெயர் பழைய செக்ரோல்களில் கூட முழுமையாக இல்லை.

1911-இல் ஓய்வு பெற்ற ரிட்லி, மலாயத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகளை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், நூறு வயது நிறைந்தபின், இலண்டனையொட்டிய கியூவில் காலமானார். அந்நாளில் மலாயாவின் தலையாய ஏற்றுமதிப் பொருள் ரப்பராகவே இருந்தது.