சுவிசேடக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார்

சமயங்கள் பல தமிழை வளர்த்தன. தமிழும் அச்சமயங்களை வளர்த்தது. கிறித்தவத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்.

நெல்லைச் சீமையில் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், சைவ வேளாளர் குடியிலிருந்து கிறித்தவம் தழுவியவர், புலமையும் உடையவர். பன்னிரண்டு வயதளவில் வேதநாயகத்தைக் கண்ட ஜெர்மானியக் குரு சுவார்ட்சு, அவரது அறிவுக்கூர்மையை வியந்து தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்சின் அரவணைப்பில் கற்றவரே. தரங்கம்பாடியில் ஜான் ஐயரிடம் வானியலும் கணிதமும் பயின்ற வேதநாயகம், இருபது வயதை எட்டுமுன்பே தஞ்சையில் தலைமையாசிரியரானார்.

அவர்தம் புகழுக்கு அடித்தளம் 'பெத்லகேம் குறவஞ்சி'. தலைவி காதல் கொள்வதும், குறத்தி குறி சொல்வதும், சிங்கன் பறவை பிடிப்பதும் தமிழர் நன்கறிந்த கூறுகள். அவற்றை மாற்றாமலே திருச்சபையைத் தலைவியாகவும், இயேசுபிரானைத் தலைவனாகவும் அமைத்தார். பறவை பிடிப்பது ஆன்மாக்களை ஈர்ப்பதாயிற்று. கோள்கள் கதிரவனைச் சுற்றுகின்றன என்ற மேனாட்டு வானியலும் அந்நூலில் இடம்பெற்றது. 'சாஸ்திரக் கும்மி'யில் மூடநம்பிக்கைகளைச் சாடினார். மாணாக்கர் சூழ தஞ்சை, தரங்கம்பாடி, சென்னை எனச் சென்று, பாடியே போதித்தார். அன்னிய நாட்டுச் சமயம் என ஒதுங்கி நின்றோரையும் பண்ணும் தாளமும் அருகே அழைத்தன.

சரபோஜி மன்னர் பெருவுடையார்மீது குறவஞ்சி பாடக் கேட்டபோது, தம் ஆண்டவரையன்றிப் பிறரைப் பாட இயலாதெனப் பணிவுடன் மறுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. மன்னர் சினந்தாரல்லர், நட்பு நீடித்தது.

சோதனை வந்தது சபைக்குள்ளிருந்துதான். புதிதாக வந்த குருமார் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்ற முனைந்தனர். வழிபாட்டில் தமிழ்ப் பண்ணையும் விழாக்கால வழக்கங்களையும் தடுத்தனர். ஆலயத்தில் சாதிவாரியாக அமர்வதையும் ஒழிக்க முற்பட்டனர். அனைத்தையும் சாஸ்திரியார் எதிர்த்தார். பாடலுக்காக அவர் வாதிட்டது தமிழுக்குச் செய்த தொண்டு. சாதிப் பிரிவினைக்காக வாதிட்டதோ, அவர் போதித்த அன்பு நெறிக்கே முரணானது. மரபின்மீது கொண்ட பற்றே அவரை உயர்த்தியது. அதுவே அவர் பார்வையைக் குறுக்கவும் செய்தது.

1829-இல் மிஷன் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. வேற்றுச் சமயத்தவரான சரபோஜியே அவரை அரண்மனைப் புலவராக்கி ஆதரித்தார். 1832-இல் மன்னர் மறைந்தார். வறுமையும் முதுமையும் நெருக்கியபோதும் சாஸ்திரியாரின் எழுத்தாணி ஓயவில்லை. 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவருடைய பாடல்கள் பல இடம்பெற்றன. வெள்ளைக் குருமாரில் சிலர் விலக்கிய இசையை, வேறொரு வெள்ளைக் குருவே நூலாக்கிச் சபைகளுக்கு வழங்கினார்.

1864-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். அன்றைய வழக்குகளும் விண்ணப்பங்களும் ஏட்டில் உறங்குகின்றன. ஆலயங்களில் எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து அவர் கீர்த்தனைகளைப் பாடும்போது, அவர் வகுத்த எல்லையையும் அவர் பாடல் கடந்துவிடுகிறது.