தரங்கம்பாடியில் தளராத தொண்டர்

சமயப் பணியில் ஈடுபட்டோர் எதிர்ப்பைத் தாங்கிக்கொள்வதுண்டு. உழைப்பின் பலன் கண்ணுக்குத் தெரியாத நாட்களில் ஊக்கம் குன்றாதிருப்பதுதான் அரிது. கிறிஸ்துவின் நற்செய்தியைத் தமிழரிடம் எடுத்துரைக்க வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமது குறுகிய வாழ்வின் பெரும்பகுதியை இத்தகைய சோதனையிலேயே கழித்தார்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பும் உடல்நலக் குறைவால் தடைப்பட்டது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் ஆதரவுடன், தோழர் புளூட்சோவோடு கப்பலேறிய அவர், 1706 ஜூலை 9-ஆம் நாள் டேனியரின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியை வந்தடைந்தார்.

அங்கே முதல் தடை அவருடைய சமயத்தாரிடமிருந்தே வந்தது. வணிகத்தையே குறியாகக் கொண்ட டேனிய அதிகாரிகள் மன்னர் அனுப்பிய இத்தொண்டர்களை விரும்பவில்லை. தமிழ் தெரியாத இளைஞர் எப்படிப் போதிப்பார்? அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றார். அழகப்பன் என்ற தமிழர் அவருக்கு மொழித்துணையாக இருந்தார். தமிழ்ச் சுவடிகளை ஆர்வத்துடன் திரட்டிப் பயின்ற அவர், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களின் பட்டியலை 1708-இல் தொகுத்தார்.

1707 மே மாதம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்றோர் ஐவரே. அவர்களும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். மறு ஆண்டு, ஐரோப்பாவிலிருந்து பணிக்காக வந்த பணம் தரங்கம்பாடிக் கரையை நெருங்கிய வேளையில் கடலில் மூழ்கிப்போயிற்று. அவ்வாண்டு நவம்பரில், ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசியதால் எழுந்த பூசலில், டேனியத் தளபதி ஹாசியஸ் அவரைக் கோட்டையில் சிறைவைத்தார். சிறைவாசம் நான்கு மாதங்கள் நீடித்தது. அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. எழுதுபொருள் கிடைத்ததும் சமய வாழ்வு குறித்து நூல் எழுதலானார். விடுதலை பெற்றபின், சிறைக்குச் செல்லுமுன் தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711-இல் முடித்தார்.

அவரது ஊக்கத்தின் இரகசியம் இதில் புலனாகிறது. எத்தனை பேர் மனம் மாறினர் என்ற கணக்கை அவர் தமது உழைப்பின் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அன்றைய கடமை எதுவோ அதில் முழுமனத்துடன் ஈடுபட்டார். யாரிடம் பேச வந்தாரோ அவர்களிடமே கற்றுக்கொள்ளவும் செய்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் விரிவாக எழுதிய நூலை ஹாலேயிலிருந்த பெரியோர் விரும்பவில்லை. அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர, 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. ஆனால் கோபன்ஹேகனிலிருந்த மிஷன் செயலர் வெண்ட், பள்ளிகளும் கட்டடங்களும் எதற்கு என்று அவரது பணிமுறையையே கண்டித்து எழுதினார். நோயுற்றிருந்த சீகன்பால்குவை அக்கண்டனம் பெரிதும் வருத்தியது. பழைய ஏற்பாட்டை ரூத்து ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், தமது 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குறைவாக நின்ற மொழிபெயர்ப்பைப் பின்வந்த சூல்ட்ஸ் 1720-களில் நிறைவுசெய்தார். மறைவுக்கு முந்தைய ஆண்டில் சீகன்பால்குவிடம் திருமுழுக்குப் பெற்ற ஆரோன், 1733-இல் முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைக் குருவானார். காலப்போக்கில் தமிழர் பிழைப்புத் தேடிச் சென்ற இடங்களுக்கெல்லாம் தமிழ் வேதாகமமும் உடன் சென்றது. இடுக்கி மலையில் சூரியநெல்லியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களும் அதைத் தங்கள் தாய்மொழியிலேயே ஓதுகின்றனர்.

இவற்றுள் எதையும் சீகன்பால்கு காணவில்லை. தம் பங்கைச் செய்துவிட்டு, மீதியைத் தாம் நம்பிய இறைவனிடம் ஒப்படைத்துச் சென்றார். தம் உழைப்பு வீணோ என்று கலங்கும் தொண்டர் எவருக்கும் அவரது வாழ்வு ஆறுதல் அளிக்கும்.