செத்தும் கொடுத்த வள்ளல் சீதக்காதி

 



தமிழகத்தில் கொடையைப் பற்றிப் பேச்செழுந்தால் எச்சமயத்தாரும் தயங்காமல் கூறும் பெயர்களுள் ஒன்று சீதக்காதி. மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்கும் மூதாட்டிக்கும், தியாகராய நகரில் துணி விற்கும் இளைஞனுக்கும் அப்பெயர் தெரியும். செத்தும் கொடுத்தவர் என்னும் பழமொழியும் தெரியும். ஆனால், அப்பெருமகனார் எதைக் கொடுத்தார்கள், அக்கொடைக்கு ஈடாக எதைப் பெற்றார்கள் என்று கேட்டால் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் விழிக்கின்றனர். எனவே அன்னாரின் வரலாற்றைச் சுருக்கமாக இங்கு நினைவுகூர்வோம்.

கடலோடிய வணிகர்

சீதக்காதி என்பது இயற்பெயரன்று. செய்கு அப்துல் காதிர் என்னும் திருப்பெயரே தமிழ் மக்களின் நாவில் செய்தக்காதியாகி, பின் சீதக்காதியாகிக் கனிந்தது. பெரியதம்பி மரைக்காயர் என்றும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சீமையின் கீழக்கரையில் மரைக்காயர் குலத்தில் தோன்றி, மரக்கலங்கள் செலுத்திப் பெரும் வாணிபம் செய்தார்கள். பெரியதம்பி மரைக்காயர் என்னும் பெயர் அக்கால டச்சுக் கம்பெனியின் ஆவணங்களிலும் காணப்படுகிறது.

அப்போது சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி மன்னர், சீதக்காதி அவர்களை உற்ற நண்பராகவும் ஆலோசகராகவும் கொண்டிருந்தார். சைவ மன்னரும் முஸ்லிம் வணிகரும் உடன்பிறந்தார் போல் வாழ்ந்தனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. இராமநாதபுரம் அரண்மனை எழுந்ததிலும் வள்ளலின் பங்குண்டு என்பது வழிவழி வரும் செய்தி. கீழக்கரையில் தமிழகக் கற்றூண்களோடு கம்பீரமாக நிற்கும் பழைய ஜும்ஆப் பள்ளியும் அன்னாரின் பெயரோடு இணைந்தே பேசப்படுகிறது.

பொன்னின் எடையும் நெல்லின் எடையும் ஒன்றாகிவிட்ட கொடும் பஞ்சத்திலும் அன்னமிட்ட கை என்று படிக்காசுப் புலவர் அவர்களைப் பாடினார். அப்புலவர் முஸ்லிம் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

காப்பியம் பிறந்த வரலாறு

பசித்த வயிற்றுக்குச் சோறிட்டதோடு வள்ளலின் மனம் அமைதியடையவில்லை. தமிழில் இராமகாதையைக் கம்பர் பாடியிருக்கிறார். சமண, பௌத்தக் காப்பியங்களும் உள்ளன. தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களுக்குத் தங்கள் நபியின் வரலாற்றைச் சொல்லும் ஒரு பெருங்காப்பியம் இல்லையே என்னும் ஏக்கம் அவர்களை வாட்டியது.

எட்டயபுரத்து அரசவைப் புலவராக விளங்கிய உமறுப் புலவர் (1642–1703) அவர்களிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அரபு மூலங்களின் செய்தி வேண்டுமே! வள்ளலின் வேண்டுகோளின்படி, காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாமேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிப் புலவர் சென்றார். அரசவைக்குரிய ஆடை அணிகளோடு வந்த அவரைக் கண்டு, நபிகளாரின் வரலாற்றைப் பாடுவோர்க்கு இக்கோலம் பொருந்துமா என்று ஐயுற்ற அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள். புலவர் மனமுடைந்து வருந்தினார். பின்னர்க் கனவின் வாயிலாகக் கிடைத்த நற்குறிப்பால் அப்பா அவர்கள் உள்ளம் இரங்கி, பரங்கிப்பேட்டையில் இருந்த மாமு நெய்னார் லெப்பை ஆலிம் அவர்களிடம் அனுப்பிவைத்தார்கள் என்று முன்னோர் கூறுவர்.

ஆலிம் மூலச் செய்திகளை விளக்கினார். புலவர் அவற்றைத் தமிழ்க் கவிதையாக வடித்தார். இவ்வாறு வணிகரின் பொருளும், ஆலிமின் அறிவும், புலவரின் நாவும் ஒன்றுகூடிய இடத்தில் சீறாப்புராணம் பிறந்தது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். கம்பர் வகுத்த காப்பிய நெறியிலேயே நாட்டு வளமும் நகர வளமும் பாடிய உமறு, அரபு நாட்டைத் தமிழர் கண்ணுக்கு மருதநிலமாகவே காட்டிவிட்டார்.

ஆனால் நூல் முற்றுப்பெறும் முன்னரே வள்ளல் இவ்வுலகைப் பிரிந்தார்கள். அதன்பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அவர்கள் பொறுப்பேற்று ஆதரித்தார்கள். காப்பியத்தினுள் கொடைநாயகராகப் போற்றப்படுபவர் இந்த அபுல் காசிம் அவர்களே. தொடங்கிவைத்த சீதக்காதி அல்லர். இதனாலேயே வள்ளலுக்கும் இந்நூலுக்கும் உள்ள தொடர்பை ஐயுறும் ஆய்வாளரும் உளர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அத்தொடர்பை மறக்கவில்லை.

சிரிக்க வைத்த நாடகம்

பெருங்காப்பியத்தில் அமையாத அப்பெயர் வேறொரு நூலின் தலைப்பிலேயே அமைந்தது. அதுதான் சீதக்காதி நொண்டி நாடகம். நொண்டி நாடகம் என்பது அக்காலத்து மக்கள் கூடிச் சிரித்து மகிழ்ந்த நகைச்சுவைக் கூத்து. மேடையில் ஒருவன் ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்து, தான் கெட்டழிந்த கதையைத் தானே சிந்துப் பாட்டில் பாடுவான்.

இந்நாடகத்தின் தலைவன் ஒரு கள்வன். திருடிய பொருளையெல்லாம் தாசியிடம் தோற்கிறான். செஞ்சியில் முகலாயர் பாசறைக்குள் குதிரை திருடப் புகுந்து அகப்பட்டுக் கால் வெட்டப்படுகிறான். முடிவில் வள்ளலின் ஆதரவைப் பெற்று, இஸ்லாத்தில் இணைந்து, புனித மண்ணுக்குச் சென்று இழந்ததைத் திரும்பப் பெறுகிறான். அவனுடைய பேராசையைக் கண்டு சபை சிரிக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நம்முள்ளும் அக்கள்வன் இருக்கிறானோ என்று நெஞ்சு திடுக்கிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் உண்மையன்றி வேறெதுவும் கலவாத நகைச்சுவை பேசித் தம் தோழர்களை மகிழ்வித்தார்கள் என்பதை நாம் அறிவோம். சிரிப்பும் ஒரு நல்லாசிரியனே.

வியப்பைப் பாருங்கள்! தாம் வித்திட்ட காப்பியம் பிறர் புகழைப் பாடுகிறது. அன்னாரின் பெயரைச் சுமந்து நிற்பதோ ஊரார் வெறுத்த ஒரு நொண்டிக் கள்வனின் கதை. கைவிடப்பட்டவனே நன்றியோடு அப்பெயரைத் தூக்கிச் சுமக்கிறான்.

கல்லறையும் கணையாழியும்

வள்ளல் மறைந்த செய்தி அறியாது பரிசில் நாடி வந்த புலவர் ஒருவர், அடக்கத்தலத்தின் முன் நின்று அழுது பாட, அங்கிருந்து கணையாழி அணிந்த கை நீண்டதாகக் கதை வழங்குகிறது. அது நிகழ்ந்ததா என்று வாதிடுவது நம் நோக்கமன்று. மனிதன் மரணித்த பின்னும் அவனைத் தொடரும் நன்மைகளுள் நிலையான தர்மமும் பயனுள்ள கல்வியும் உண்டு என நம் மார்க்கம் போதிக்கிறது. அப்போதனைக்குச் சீறாப்புராணத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? பஞ்சத்தில் இட்ட சோறு அன்றைய பசியைத் தீர்த்தது. கல்விக்கு இட்ட பொருளோ 300 ஆண்டுகளைக் கடந்தும் பலன் தருகிறது. ஏட்டுச்சுவடியாய் இருந்த சீறாவை 1842இல் அச்சேற்றி உலகுக்களித்த புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்களும் அத்தொடர் கொடையில் ஒரு கண்ணியே.

நாம் சிந்திக்க வேண்டியவை

இவ்வாண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியலும் இடம்பெறும். அதில் பெயர் விடுபட்டால் வருந்துகிறோம். எழுத்துப் பிழையாக வந்தால் சினம் கொள்கிறோம். பள்ளிக்கு அளிக்கும் மின்விசிறியின் இறகு மூன்றிலும் பெயர் எழுதுகிறோம். விசிறி சுழலும்போது எப்பெயரும் தெரிவதில்லை, காற்று மட்டுமே வருகிறது! கொடுப்பவரை ஊக்குவிக்கப் பட்டியல் வேண்டியதே. ஆயினும் தம் பெயர் இல்லாத ஒரு பெருநூலுக்கு வித்திட்ட வள்ளலின் வழியில் வந்தவர்கள் நாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று. மயிலாப்பூரில் கம்பன் விழாக்களை முன்னின்று நடத்திய சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக விளங்கியவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயில் (1921–2005) அவர்கள். கம்பரை அறிந்து போற்ற ஒரு முஸ்லிம் முன்வந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் உமறுவை அறிய முன்வர வேண்டாமா? முன்பெல்லாம் ஊர்தோறும் இரவுகளில் சீறா ஓதிப் பொருள் சொல்லும் சபைகள் நடந்தன. சென்னைக்குக் குடிபெயர்ந்த நாம் அவ்வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். நம் மதரஸாவில் உரையுடன் கூடிய சீறாப்புராணப் பிரதி ஒன்றை வைத்து, வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பின் பத்துப் பாடல்களேனும் படிக்கத் தொடங்கினால், வள்ளலின் கை இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் தாமே உணர்வார்கள்.

வல்ல ரஹ்மான் வள்ளல் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! பெயர் நாடாது கொடுக்கும் பேறும், கொடுத்தது நிலைக்கும் பரக்கத்தும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.