எஸ்.பி. சீனிவாசகம்: ஆயுதப் பாதையை ஏற்காத வழக்கறிஞர், லீ மெங்குக்காக ஏன் வாதாடினார்?

ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைப் பலருக்கும் தெரியும். அந்த டி.ஆரின் அண்ணன்தான் எஸ்.பி. சீனிவாசகம். இருவருமே ஈப்போவில் பெயர்பெற்ற வழக்கறிஞர்கள்.

தூக்குத் தண்டனை எங்கிருந்து வந்தது?

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து அவசரகாலம் வந்தது. சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்று சட்டம் இறுகியது.

1952-இல் அந்தச் சட்டத்தில் சிக்கியவர் லீ மெங் என்ற இளம் பெண். கம்யூனிஸ்டு கெரில்லாப் படையைச் சேர்ந்தவர், கையெறி குண்டு வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஈப்போ நீதிமன்றத்தில் அவருக்காக நின்றவர் எஸ்.பி.

அப்படின்னா எஸ்.பி.யும் கம்யூனிஸ்டா?

இல்லை. அவர் நம்பியது ஓட்டுப் பெட்டியை. வழக்கு இன்னும் முடியாத 1953 ஜனவரியில்தான் சகோதரர்களின் கட்சி பிறந்தது. பிற்பாடு பி.பி.பி. என்று பெயர்பெற்ற கட்சி அது. 1959-இல் மெங்லெம்பு தொகுதியில் வென்று எஸ்.பி. நாடாளுமன்றம் போனார்.

நீதிமன்றத்தில் கேள்வி கம்யூனிசம் சரியா தப்பா என்பதல்ல. முன்னாள் கெரில்லாக்கள் சாட்சி சொன்ன அந்தப் பெண் இவர்தானா, அதற்கு ஆதாரம் போதுமா என்பதுதான்.

வழக்கு எப்படிப் போனது?

அப்போது பேராக்கில் ஜூரி கிடையாது. நீதிபதியோடு இரண்டு அசெசர்கள் உட்கார்ந்து கருத்து மட்டும் சொல்வார்கள். முதல் விசாரணையில் இருவருமே குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது முறை அசெசர்கள் ஆளுக்கொரு பக்கம். நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார்.

லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. ஆனால் விசாரணை நடந்த விதம் உலகம் முழுக்கப் பேச்சானது. ஹங்கேரி, தன் சிறையில் இருந்த ஒரு பிரிட்டிஷ்காரரை விடுவிக்கிறோம், லீ மெங்கை அனுப்புங்கள் என்றுகூடக் கேட்டது. பிரிட்டன் மறுத்தது. 1953 மார்ச்சில் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 1964-இல் லீ மெங் விடுதலையாகி சீனாவுக்கு அனுப்பப்பட்டார்.

நமக்கு இதில் என்ன?

எஸ்.பி. 1975-இல் காலமானார். அவருடைய கட்சி வேறு, கட்சிக்காரர் வேறு. நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் வக்கீல் கிடைப்பார் என்றால், நாளைக்கு நம்மைப் பிடிக்காத ஊரில் நமக்காக யார் எழுந்து நிற்பார்?