கொல்லிமலைத் தொண்டர் ஜெசி பிராண்டு

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை ஏறத்தாழ 4,000 அடி உயரமுடையது. அதன் மேற்பரப்பு திண்ணனூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என்றாற்போலப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. இன்று 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மலையேறுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ நடந்துதான் ஏறவேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிய சமவெளி மக்கள் அங்கு இராத் தங்கவும் தயங்கினர்.

அம்மலையிற் குடியேறத் துணிந்தார் ஜெசி பிராண்டு என்னும் ஆங்கிலேயர். அவர் கட்டடத் தொழிலில் வல்லவர். இலண்டனில் ஓராண்டு மருத்துவமும் பயின்றவர். 1907ஆம் ஆண்டு கிறித்தவச் சமயப் பணியாளராக இந்தியா வந்தார். 1913இல் எவலின் என்னும் நங்கையை மணந்தார். இருவரும் மலையேறி, வாழவந்தியில் மரவீடு அமைத்து வாழ்ந்தனர்.

மலைமக்கள் அவர் தந்த மருந்தை ஏற்றனர். அவர் கூறிய செய்தியை ஏற்கவில்லை. ஊர்ப் பூசாரி அவரை எதிர்த்தார். ஆண்டுகள் பல உருண்டோடின. பண்டை எபிரேயத் தீர்க்கதரிசியாகிய எரேமியாவின் நிலையும் இத்தகையதே. சொல்லைக் கேளாத மக்களிடையே அவர் தம் கழுத்தில் நுகத்தடியைப் பூட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். அச்செயலே அவர் தந்த செய்தியாயிற்று. பிராண்டின் செய்தியும் அவர் கைகளின் வழியாகவே வெளிப்பட்டது எனலாம்.

அக்காலத்தில் நரம்புச்சிலந்தி நோய் மலைமக்களைப் பெரிதும் வருத்தியது. இரண்டு மூன்று அடி நீளமுள்ள புழுவொன்று காற்புண்ணின் வழியே தலைநீட்டும். விரைந்து இழுத்தால் அது அறுந்து, கால் சீழ்பிடிக்கும். பிராண்டு அதனைச் சிறு குச்சியிற் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக வெளிக்கொணர்வார். நோயாளி காலை நனைத்த நீரில் புழுவின் முட்டுக்குஞ்சுகள் கலக்கும். அந்நீரைப் பருகியோர்க்கும் நோய் பற்றும். இதனை உணர்ந்த அவர், எவரும் உள்ளே இறங்க இயலாதவாறு கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பச் செய்தார். இந்நோய் இந்தியாவினின்று ஒழிந்ததென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது 2000ஆம் ஆண்டிலேதான்! மருத்துவத்தோடு அவர் நில்லாமல் தச்சுத்தொழிலும் கற்பித்தார், பழமரங்களும் வளர்த்தார்.

முதல் உலகப்போரின் இறுதியில் நச்சுக்காய்ச்சல் உலகெங்கும் பரவியது, கொல்லிமலையும் தப்பவில்லை. நோயுற்றோரைத் தொட உறவினரும் அஞ்சிய அந்நாளில், பிராண்டும் எவலினும் கஞ்சி சுமந்து குடிசைதோறும் சென்றனர். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். அவர்களுக்கும் அவ்விருவரே கஞ்சி வார்த்தனர். உயிர் பிரியும் தறுவாயில் அப்பூசாரி தம் பெண்மகவைப் பிராண்டிடமே ஒப்படைத்தார். மலைமக்களின் உள்ளம் அன்று முதல் இளகத் தொடங்கியது.

1929ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்று பிராண்டின் உயிரைக் கவர்ந்தது. அப்போது அவருக்கு வயது 44. எவலின் மலைவாழ் மக்களிடையே பல்லாண்டுகள் தொண்டாற்றி, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்த பால் பிராண்டு இவர்களுடைய மகனே. தந்தை இறந்தபோது அச்சிறுவன் இங்கிலாந்தில் பயின்றுவந்தான். இறப்புச் செய்தியைத் தந்தி முதலில் கொணர்ந்தது. கப்பல் வழியே வந்த தந்தையின் மடலொன்று அதன் பின்னரே அவன் கைக்குக் கிட்டியது. அதில் கொல்லிமலையின் அழகைத் தந்தை மகனுக்கு எழுதியிருந்தார்.