பாலை கடந்த பொறியாளர் பாக்னோல்டு

வன்னிநிலத்து வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என இருவகைப் பாரம் அறிவர். நெல்மூடைகள் அச்சுக்கு முன்னே மிகுந்தால் நுகம் எருதுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். ஆதலின் வண்டியேற்றத் தெரிந்த முதியோர் மூடைகளை அச்சை ஒட்டி அடுக்கி, ஈற்றில் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்த பின்னரே எருதுகளைப் பூட்டுவர். முல்லைத்தீவுக் கரையோர மணலில் வண்டி செலுத்தியவர்க்கு இக்கணக்கின் அருமை நன்கு தெரியும். மணல் பிழை பொறுப்பதில்லை.

இதே கணக்கை எருதும் நுகமும் இல்லாத வண்டிகளில், நீரும் நிழலும் இல்லாத லிபியப் பாலைநிலத்தில், உயிரைப் பணயம் வைத்துப் பயின்றவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரால்ஃப் அல்ஜர் பாக்னோல்டு. 1896 ஏப்ரல் 3 அன்று இங்கிலாந்தின் டெவன்போட் நகரிற் பிறந்தார். தந்தையார் பொறியியற் படையிற் கேணல். கார்ட்டூமில் முற்றுகைக்குள்ளான கோர்டன் தளபதியை மீட்க 1884–85 இல் நைல் வழியே சென்ற படையிற் பணிசெய்தவர். தமக்கையார் ஈனிட் பாக்னோல்டு எழுத்தாளராய்ப் புகழ்பெற்றார். தம்பியாரோ சிறுவயது முதலே கைவேலையில் நாட்டமுடையவர். 1915 இல் பொறியியற் படையிற் சேர்ந்து, முதலாம் உலகப்போரின் பிரான்சியப் போர்முனையில் மூன்றாண்டு கழித்தார். போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்று, மீண்டும் படைத்துறைக்கே திரும்பினார். 1926 இல் எகிப்துக்கு அனுப்பப்பட்டார். அதன் பின்னரே நாம் அறிய வேண்டிய வாழ்க்கை தொடங்குகிறது.

கெய்ரோவிலிருந்த ஏனைய அதிகாரிகள் ஓய்வு நாட்களைப் பந்தாட்டத்திலும் விருந்திலும் போக்க, பாக்னோல்டும் நண்பர் சிலரும் பழைய போர்ட் கார்களைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் பாலையை நோக்கிச் செலுத்தினர். பாலையில் மோட்டார் ஓட்டியவருள் இவர்களே முதல்வர் என்று எண்ணிவிடலாகாது. முதற்போரின்போதே ஆங்கிலேயரின் சிறுகார்ப் படைகள் அங்கே உலவின. எகிப்திய இளவரசர் கெமால் எல்-தீன் பட்டைச்சில்லு பூட்டிய வண்டிகளில் தென்மேற்கே நெடுந்தூரம் சென்றிருந்தார். ஒட்டகத்தோடு அந்நிலத்தை அறிந்த அரபியரும் தெபு மக்களும் எல்லோர்க்கும் மூத்தோர். பாக்னோல்டின் பெருமை முதலிற் போனதில் இல்லை. எவ்வளவு தூரம் போகலாம், போனால் மீளலாமா என்பதைப் புறப்படுமுன் தாளிலே கணித்ததில் உள்ளது.

அக்கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு காலன் பெற்றோல் ஏழு இறாத்தலுக்குச் சற்று மேல். ஒரு காலன் தண்ணீர் பத்து இறாத்தல். காலனுக்குப் பத்து மைல் ஓடும் வண்டி 1,500 மைல் சுற்றிவர 150 காலன் வேண்டும்; அஃது அரைத்தொன் அளவான நிறை. மூவர் இருபது நாள் செல்ல, ஆளுக்கு நாளொன்றுக்கு முக்கால் காலன் தண்ணீர் என்றால் 45 காலன்; அது 450 இறாத்தல். இதன்மேல் உணவு, உதிரிப்பாகம், போர்வை, ஆட்கள். மணல் இளகினால் காலனுக்குப் பத்து மைல் ஆறு மைலாகக் குறையும். குறையுமென்று பெற்றோலைக் கூட்டினால் நிறை கூடும். நிறை கூடினால் சில்லு புதையும். புதைந்தால் பெற்றோல் இன்னும் செலவாகும். பெற்றோலைச் சுமப்பதற்கே பெற்றோல் எரியும் இந்தச் சுழலிலிருந்து வெளிவர ஒரே வழி, வேண்டாதவற்றை வீசிவிடுதல்.

வீசினார். காரின் மேற்கூடு, கதவு, கண்ணாடி என்று ஓட்டத்துக்கு உதவாத அனைத்தும் கழன்றன. எஞ்சிய சட்டத்தின்மேற் சுமை தாங்கும் எளிய பெட்டியுடல் அமைந்தது. ரயர்களிற் காற்றைக் குறைத்து, அவை மணலில் அகன்று படியச் செய்தார். கெய்ரோவின் பழம்பொருட் கடையொன்றிற் கிடந்த, போர்க்காலப் பதுங்குகுழிக் கூரைக்கு இட்ட உருக்குத் தகடுகளை வாங்கி, புதைந்த சில்லின் முன்னே அவற்றை இட்டு வண்டியை மீட்டார். பின்னாளில் உலகெங்கும் மணற்பயணத்துக்கு உரியனவாகிய தகடுகள் இவையே.

சுமையை வைக்கும் முறையிலும் நம் வண்டிக்காரரின் நெறியே செல்லும். தண்ணீரும் பெற்றோலும் மிகு நிறையுடையன. ஆதலின் அவை தாழ, இரு அச்சுக்கும் நடுவே, பின்னச்சுக்குச் சற்று முன்னாக அமைய வேண்டும். பின்னே தள்ளி வைத்தால் மணற்குன்று ஏறும்போது முன்சில்லு நிலத்திற் பிடிப்பிழக்கும். முன்னே குவித்தால் அச்சில்லுகள் மணலை உழுதுகொண்டு அமிழும். உயர அடுக்கினாலோ குன்றின் உச்சியில் வண்டி பக்கவாட்டிற் சரியும். இன்னொரு நுட்பமும் உண்டு. நெல்மூடை வழியிற் குறைவதில்லை; பெற்றோல் குறையும். எந்தத் தகரத்தை முதலில் எடுப்பது என்பதையும் எண்ணாவிடில், காலையிற் சரியாயிருந்த பாரம் மாலையிற் பிழையாகிவிடும்.

தண்ணீர்க் கணக்கில் அவர் கையாண்ட உபாயம் மிக இனியது. கொதிக்கும் இயந்திரத்தின் றேடியேற்றரிலிருந்து நீராவி வீணே போகாதபடி, ஒரு குழாய் வழியே பக்கத்திற் பூட்டிய தண்ணீர்த் தகரத்துக்குள் அதனைச் செலுத்தினார். ஆவி அங்கே நீராய்க் குளிரும். இயந்திரம் ஆறியதும் உள்ளே தோன்றும் வெற்றிடம் அந்நீரை மீளவும் றேடியேற்றருக்குள் இழுத்துக்கொள்ளும். இவ்வகை அமைப்பை முன்னோரும் கையாண்டனர். இவர் செம்மை செய்தார். திசையறியும் சூரியகடிகையும் அவ்வாறே. வண்டியின் இரும்பும் ஏற்றிய தகரங்களும் காந்த ஊசியை மயக்குமாதலின், பாகை பொறித்த தட்டின் நடுவே நிறுத்திய ஊசியின் நிழலை வழிகாட்டியாகக் கொண்டார்.

அளவறிந்து ஏற்ற வேண்டும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே மயிலிறகு வண்டியைக் காட்டி விளக்கியமையை மாணவரும் அறிவர். அதனினும் இவ்விடத்துக்குப் பொருந்தும் செய்தி புறநானூற்றில் உண்டு. உப்பு வணிகர் நெடுவழி செல்லும்போது, பள்ளமும் மேடும் என்ன செய்யுமோ என்று அஞ்சி, வண்டியின் கீழே மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்வர். அச்சேம அச்சை ஒப்பவன் பொகுட்டெழினி என்று ஔவையார் பாடினார். சேம அச்சும் பாரந்தானே! பயன்படாமலே வீடு திரும்பக்கூடிய பாரம். எதை வீசுவது என்று அறிந்த பாக்னோல்டு எதை வீசலாகாது என்பதையும் அறிந்திருந்தார். வேண்டாத கதவை எறிந்தவர் வேண்டாதிருக்கக்கூடிய உதிரிப்பாகத்தை எறியவில்லை. கற்றற்கு அரியது இவ்வேறுபாடுதான்.

1928 முதல் 1931 வரை அவர் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திற் பணியாற்றினார். ஆயினும் விடுமுறை பெற்றுப் பாலைக்கே திரும்பினார். 1929 இலும் 1930 இலும் புதிய போர்ட் வண்டிகளுடன் பெருமணற்கடலுட் புகுந்தார். ஏறத்தாழ 72,000 சதுர கிலோமீற்றர் பரந்த, நம் இலங்கைத் தீவினும் பெரிய மணற்பரப்பு அது. மோட்டார் வண்டி அதனைக் குறுக்கறுக்க ஒண்ணாது என்று வல்லோர் பலர் கருதியிருந்தனர். தயங்காது முழுவேகத்தில் மோதினால் இறுகிய மணற்சரிவு வண்டியைத் தாங்கி மேலே ஏற்றிவிடும் என்பதை அவர் தாமே ஓட்டிக் கண்டார். செர்சூரா என்னும் தொலைந்த சோலையைத் தேடிச் சென்றதாகவும் சொல்வர். சோலை கிட்டவில்லை, நிலப்படம் கிட்டியது. 1932 இல் சூடான் எல்லை கடந்து, இன்று சாட் எனப்படும் நாட்டின் மூர்தி தாழ்நிலம் வரை பல்லாயிரம் மைல் சுற்றிவந்தார்.

பின்னர்த் தூர கிழக்கிற் பணிபுரிகையில் நோயுற்று 1935 இல் படையிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே ‘லிபிய மணல்கள்’ என்ற பொருளில் அவரது பயண நூல் வெளியாயிற்று. ஓய்வில் அவர் செய்தது, காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி அதனுள் மணலைப் பறக்கவிட்டுப் பார்த்தமை. காற்றோடு போகும் மணல் புகைபோல மிதப்பதில்லை, துள்ளித் துள்ளி வீழ்ந்து பிற மணிகளையும் எற்றுகிறது என்பதை அளந்து காட்டினார். காற்றின் வலிமை இரட்டித்தால் பெயரும் மணல் எட்டு மடங்கை நெருங்கும் என்பதும் அவர் வகுத்த விதியின் பயன். 1941 இல் நூலாக வந்த அவ்வாராய்ச்சி இன்றும் அத்துறையின் அடிநூல். 1944 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினர் சிறப்பும் பெற்றார்.

இடையே போர் மூண்டது. 1939 இல் மீண்டும் அழைக்கப்பட்டுக் கிழக்காபிரிக்காவுக்குக் கப்பலேறினார். மத்தியதரைக் கடலிற் கப்பல் வேறொன்றுடன் மோதிப் பழுதுபட, எகிப்திலே இறங்க நேர்ந்தது. அந்தத் தற்செயலால் பாலையறிந்தவர் பாலைக்கே வந்து சேர்ந்தார். 1940 யூனில் இத்தாலி போர் தொடுத்ததும், தளபதி வேவலிடம் ஆழ்பாலையில் உலவும் சிறுபடை ஒன்றுக்கான திட்டத்தைக் கொடுத்தார். வேவல் ஆறு வாரம் தவணை தந்தார். ஒன்றரைத் தொன் செவர்லே லொறிகள் திரட்டப்பட்டன. கூடும் சுமைக்காக வில்தகடுகள் பெருக்கப்பட்டன. பழைய முறைகளெல்லாம் மறுபடி உயிர்பெற்றன. பண்ணை வாழ்விற் பழகி, பொறிகளைப் பேணத் தெரிந்த நியூசிலாந்து வீரர் பலர் முன்வந்தனர். நெடுந்தூரப் பாலைப்படை இவ்வாறு பிறந்தது.

அப்படைக்குத் தலையிடி தந்தது எதிரியைவிடத் தகரம் என்றே சொல்லலாம். நாலு காலன் கொள்ளும் மெல்லிய தகரங்களை இரண்டிரண்டாக மரப்பெட்டியிலிட்டு ஏற்றினர். குலுங்கிய வழியில் மூட்டு விட்டு ஒழுகின. ஏற்றிய பெற்றோல் முழுதும் போய்ச் சேர்ந்ததில்லை. பின்னர் எதிரியிடமிருந்து கைப்பற்றிய ஜெர்மானியக் கான்கள் கண்ட பிறகே இக்குறை தீர்ந்தது. அத்தகைய தகரத்தில் கிணற்றுநீர் சுமந்த தலைமுறையினர் வன்னியில் இன்னும் உளர். அதன் மூட்டு எங்கே விடும் என்று அவர்களைக் கேட்டிருக்கலாம்!

ஒரே ஓட்டத்தில் எட்டாத தூரத்துக்கு அவர் பெற்றோற் சேமிப்புக்களை முன்னரே நிறுவினார். ஏற்றிய எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, மூன்றிலொரு பங்கு மீள்வதற்கு; எஞ்சியதே வழியில் வைப்பதற்கு. ஐன் தல்லா ஊற்றிலிருந்து மணற்கடலின் அப்பாற்கரை வரை, 1940 செப்டெம்பரில், இவ்வாறு திரும்பத் திரும்ப ஓடிச் சேமித்தனர். அவ்வாண்டின் இறுதியில் சாட் பகுதியிலிருந்த பிரெஞ்சுப் படையினரிடம் பாக்னோல்டு நேரே சென்று பெற்றோல் உதவி கேட்டார். தாமும் போரிற் பங்குகொள்வதானால் தருவோம் என்ற உடன்பாட்டில் ஒட்டகங்களின்மேல் அது வந்தது. மோட்டாருக்கு உணவை ஒட்டகம் சுமந்த விந்தையால் 1941 சனவரி 11 அன்று மூர்சூக் கோட்டை தாக்கப்பட்டது. உதவிய பிரெஞ்சுக் கேணல் தோர்னானோ அங்கே உயிர் துறந்தார்.

அம்மாதம் 31 ஆம் நாள் ஜெபல் செரீப் என்ற குன்றருகே இத்தாலியப் படை எதிர்ப்பட்டது. லொறிகள் மூன்று எரிந்தன. அவற்றோடு, அளந்து அளந்து ஏற்றிய தண்ணீரும் உணவும் போயின. மூர் என்ற நியூசிலாந்து வீரரும் மூவரும் குன்றின் மறைவிலே விடுபட்டனர். இரண்டு காலனுக்கும் குறைந்த தண்ணீர்த் தகரம் ஒன்றே அவர்கள் கையிற் கிடைத்தது. சரணடையாது தெற்கு நோக்கிப் பத்து நாளில் ஏறத்தாழ 210 மைல் நடந்தனர். பிரெஞ்சுப் படையினர் கண்டெடுத்தபோது நால்வருக்கும் உயிர் இருந்தது. ஒருவர் பின்னர் இறந்தார்.

இவ்விடத்தைப் படிக்குந்தோறும் யான் புத்தகத்தை மூடிவிடுவதுண்டு. 2009 இன் தொடக்க மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கே நகர்ந்த உழவு இயந்திரப் பெட்டிகளைக் கண்டவர்க்கு இது வெறும் வரலாறன்று. முதல் இடப்பெயர்வில் கூரைத்தகடும் கதவும் ஏறின. அடுத்ததில் நெல்லும் தையற்பொறியும் மிஞ்சின. பின்னர் ஒரு பானை, ஒரு தண்ணீர்க் கான். மண்ணெண்ணெய் முடிந்த இடத்தில் பெட்டியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் பெட்டியில் யான் இலக்கண நூல்களை அடியில் வைத்தேன். பாரம் தாழ இருக்கவேண்டும் என்ற கணக்கு சரிதான். இறக்கவேண்டி வந்தபோது அடியில் இருந்தவை எட்டவில்லை. விரைந்து எடுக்கவேண்டியது எங்கே இருக்கவேண்டும் என்பது வேறொரு கணக்கு. அதற்குப் பாக்னோல்டின் பாலைப்படையும் விலை கொடுத்தே விடை கண்டது.

1941 இன் நடுப்பகுதியில் படைத்தலைமையைத் தம் பழைய பயணத் தோழர் பிரெண்டர்காஸ்டிடம் ஒப்படைத்தார். போர் முடிந்தபின் மணலுக்கே மீண்டு, ஆற்றுநீர் மணலை எவ்வாறு நகர்த்துகிறது என்பதை முதுமை வரை ஆராய்ந்தார். 1977 இல், எண்பதைத் தாண்டிய வயதில், பூமியின் பாலைகளையும் செவ்வாயின் பாலைகளையும் ஒப்புநோக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் அறிஞர் கூட்டத்திற் பேச அழைக்கப்பட்டார். 1990 மே 28 அன்று மறைந்தார். அதற்கடுத்த மாதமே நம் பகுதியில் மீண்டும் போர் மூண்டு, பெற்றோல் வரவு தடைப்பட்டது. சிறு போத்தலிற் காத்த சில துளி பெற்றோலால் இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் காலம் தொடங்கியது.

செவ்வாய்க் கோளின் கேல் பள்ளத்திலுள்ள மணற்குன்றுகளுக்கு இன்று பாக்னோல்டின் பெயர் வழங்குகிறது. 2015 இன் இறுதியில் கியூரியோசிற்றி என்ற ஆறுசில்லு ஊர்தி அக்குன்றுகளை அடைந்து அவற்றின் மணலை அளந்தது. திரும்பி வரும் வழிக்கென்று அது எதுவும் ஏற்றிச் செல்லவில்லை.